பயறுச் செடியின் வேர் முடிச்சில் சோம்பேறி பாக்டீரியா ஏன் ஜெயிக்கவில்லை?

உயிரியல் வாத்தியார்:

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். கூட்டுயிர் வாழ்க்கை பாடத்தில் பயறு வகைச் செடியும், அதன் வேர் முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவும் வரும். செடி சர்க்கரை தருகிறது, பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றித் தருகிறது, இரண்டுக்கும் லாபம். பாடம் அத்தோடு முடிந்துவிடும். ஒரு மாணவி விடவில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவு என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அந்தச் செலவைச் செய்யாமல் சர்க்கரையை மட்டும் தின்று பெருகும் ஒரு பாக்டீரியா தோன்றினால் அது மற்றவற்றை முந்திவிடாதா என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. பாசிப்பயறு ஒரு தலைமுறையை முடிக்க 65, 70 நாள் ஆகிறது, அதற்குள் பாக்டீரியாவுக்கு எத்தனையோ தலைமுறை ஓடிவிடும். வேகமாக மாறக்கூடியவன் மெதுவாக மாறுகிறவனை ஏமாற்றிவிட வேண்டியதுதானே? ஆனால் இந்த உறவு கோடிக்கணக்கான ஆண்டுகளாக நீடிக்கிறது. 'சேர்ந்தே பரிணமித்தன' என்று ஒரு வரியில் முடிக்காமல், செடி என்ன செய்கிறது, பாக்டீரியா என்ன செய்கிறது, யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்று தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள். வகுப்பில் சொல்ல வேண்டும்.

வேர்வழி:

ஐயா, சோதித்திருக்கிறார்கள். டோபி கியர்ஸ், ஃபோர்ட் டெனிசன் ஆகியோர் அடங்கிய குழு 2003ல் வெளியிட்ட சோயா ஆய்வை அப்படியே வகுப்பில் சொல்லலாம், பிள்ளைகளுக்குப் புரியும்.

அவர்களுக்குத் தேவைப்பட்டது வேலை செய்யாத பாக்டீரியா. அதற்காக மரபணுவை எல்லாம் வெட்டவில்லை. நல்ல பாக்டீரியாவையே எடுத்து, வேரைச் சுற்றியிருக்கும் காற்றில் நைட்ரஜனுக்குப் பதிலாக ஆர்கானை நிரப்பிவிட்டார்கள். ஆக்சிஜன் வழக்கம்போல் இருக்கும், ஆனால் பிடித்துத் தர நைட்ரஜன் இருக்காது. பாக்டீரியா அதேதான், செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும் அது வேலை செய்யாத பாக்டீரியா. முழுச் செடிக்கும் இப்படிச் செய்தார்கள், வேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் செய்தார்கள், கடைசியில் தனித்தனி முடிச்சுக்கும் செய்தார்கள். மூன்றிலும் நைட்ரஜன் தராத இடத்தில் பாக்டீரியா ஏறத்தாழ பாதி அளவுதான் பெருகியது. அந்த முடிச்சுகளுக்குள் போகும் ஆக்சிஜனைச் செடி குறைத்திருந்ததற்கும் அறிகுறி கிடைத்தது. முடிச்சுக்குள் ஆக்சிஜன் வரத்து செடியின் கையில் இருப்பதால், அதைக் குறைத்தால் உள்ளே இருக்கும் பாக்டீரியாவால் மூச்சு விடவும் முடியாது, பெருகவும் முடியாது.

உங்கள் மாணவியின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான். சோம்பேறிக்கு மிச்சமாகும் ஏடிபியை விட, செடி கையை இறுக்குவதால் வரும் நஷ்டம் பெரியது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு முடிச்சு பெரும்பாலும் ஒரே ஒரு பாக்டீரியாவில் தொடங்குகிறது, அதன் வாரிசுகள்தான் உள்ளே கோடிக்கணக்கில் நிறைகின்றன. அதனால் செடி ஒவ்வொரு பாக்டீரியாவையும் தேடித் தண்டிக்க வேண்டியதில்லை, முடிச்சைக் கவனித்தால் போதும். பயறு அறுவடையானதும் முடிச்சு அழுகி, உள்ளே இருந்தவை மண்ணுக்குத் திரும்பும். எந்த முடிச்சிலிருந்து அதிகம் திரும்புகிறதோ அந்த வம்சம்தான் அடுத்த போகத்துக்கு மண்ணில் கூடுதலாக இருக்கும். செடியின் தலைமுறை மெதுவாக ஓடுவது இங்கே அவ்வளவு பெரிய பாதகம் இல்லை, ஏனென்றால் பாக்டீரியாவின் வேகமான பரிணாமத்துக்குத் திசை காட்டுவதே செடிதான்.

கரிசல் மண்:

வேர்வழி சொன்ன ஆய்வு நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு 'செடி எல்லாவற்றையும் சரியாகக் கவனித்துக்கொள்கிறது' என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. நான் உயிர் உரம் சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவன், வயலில் பார்ப்பது வேறு.

பூக்கும் பருவத்தில் ஒரு உளுந்துச் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து முடிச்சுகளை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபினுடையது, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவு. வெள்ளையாகவே இருந்தால் பெரும்பாலும் வேலை நடக்கவில்லை அல்லது இன்னும் தொடங்கவில்லை, பச்சையோ பழுப்போ என்றால் ஆயுள் முடிகிறது. பல வயல்களில் வெள்ளை முடிச்சு கணிசமாகவே வரும். அதாவது ஏமாற்றுகிறவர்கள் ஒழிந்துவிடவில்லை, இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஒரே முடிச்சுக்குள் இரண்டு வம்சம் கலந்து உட்கார்ந்துவிட்டால் செடியால் ஒன்றை விட்டு ஒன்றைத் தண்டிப்பதும் கஷ்டம்.

ரைசோபியம் பாக்கெட் பிரச்சினையும் இதில்தான் வருகிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கிறோம். பூஞ்சாணக்கொல்லி போட்ட விதை என்றால் 24 மணி நேரம் பொறுத்துத்தான் இதைப் பூச வேண்டும், அது வேறு கதை. பாக்கெட்டில் இருப்பது ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்த நல்ல ரகம். ஆனால் மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருந்து பழகிய உள்ளூர் ரகங்கள் வேரை முந்திப் பிடித்துக்கொண்டால் நம் ரகத்துக்கு முடிச்சில் இடமே கிடைக்காது. வேருக்குள் முந்தி நுழையும் திறமை வேறு, நைட்ரஜன் பிடிக்கும் திறமை வேறு. இரண்டும் ஒரே பாக்டீரியாவில் சேர்ந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உலகம் முழுக்க உயிர் உரக்காரர்களை வாட்டும் சிக்கல் இது. செடி கடைசியில் தண்டிக்கிறது சரி, வாசலிலேயே ஏன் தடுக்கவில்லை?

நுண்ணுயிர் மாணவி:

அண்ணா, வாசலில் தடுக்க முடியுமா என்பதையே தொட்டாற்சுருங்கியில் பார்த்திருக்கிறார்கள். அதன் கூட்டாளி குப்ரியாவிடஸ் என்ற பாக்டீரியா. ஒரே பாக்டீரியாவில் நைட்ரஜன் பிடிக்கும் ரகம், பிடிக்காத ரகம் என இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது செடி நுழைவில் வித்தியாசம் பார்க்கவில்லை, இரண்டையும் உள்ளே விட்டது. முடிச்சு வளர்ந்த பிறகுதான் பிடிக்காததை ஒடுக்கியது. யோசித்தால் அதுதான் இயல்பு. நுழையும்போது பாக்டீரியா காட்டுவது நாட் காரணி எனும் வேதிச் சமிக்ஞையை. அதைத் தயாரிக்கும் மரபணு வேறு, நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியான நைட்ரஜனேஸின் மரபணு வேறு, ஆகவே முன்னதை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடலாம்.

இந்த மரபணுக்கள் ஒரே வம்சத்துக்குள் நிற்பதும் இல்லை. நியூசிலாந்தில் லோட்டஸ் கார்னிகுலேட்டஸ் என்ற தீவனச் செடியை, அதற்கேற்ற பாக்டீரியா மண்ணில் இல்லாத இடத்தில், ஒரே ஒரு ரகம் பூசி விதைத்தார்கள். ஏழு ஆண்டு கழித்து முடிச்சுகளைத் திறந்தால் உள்ளே வேறு வேறு பாக்டீரியாக்கள்! பூசிய ரகத்தின் குரோமோசோமிலிருந்து சுமார் 5 லட்சம் கார இணைகள் கொண்ட ஒரு துண்டு, கூட்டுவாழ்வுக்கான மரபணுக்கள் எல்லாம் அடங்கிய துண்டு, அந்த மண்ணிலேயே இருந்த உறவுக்கார பாக்டீரியாக்களுக்குத் தாவியிருந்தது. ஜான் சல்லிவன், கிளைவ் ரான்சன் குழுவினர் 1995லும் 1998லும் வெளியிட்ட முடிவுகள் இவை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பிசெருலா என்ற மத்தியதரைக்கடல் பகுதித் தீவனப் பயறைக் கொண்டுவந்தபோதும் இதேதான் நடந்தது, ஆனால் அங்கே விளைவு கவலைக்குரியது. ஆறு ஆண்டுக்குள் உள்ளூர் பாக்டீரியாக்கள் அந்தத் துண்டைப் பெற்று முடிச்சு போடக் கற்றுக்கொண்டன, ஆனால் அவற்றில் பல நைட்ரஜன் பிடிப்பதில் மோசம், சில பிடிக்கவே இல்லை. கரிசல் மண் அண்ணா சொல்லும் வெள்ளை முடிச்சுக்கு இப்படியும் ஒரு பிறப்பு உண்டு.

செடியின் பக்கமும் சும்மா இல்லை. குதிரைமசாலின் உறவுக்காரச் செடியான மெடிகாகோ ட்ரன்கட்டுலா, முடிச்சுக்குள் 500க்கும் மேற்பட்ட வகைச் சிறு புரதங்களைச் சுரக்கிறது. அவை பாக்டீரியாவை ஊதிப் பெருக்கவைத்து, திரும்ப இனப்பெருக்கமே செய்ய முடியாதபடி மாற்றிவிடுகின்றன. உள்ளே வேலை செய்பவை அத்தோடு முடிந்தன, மாறாமல் முடிச்சில் தங்கும் அவற்றின் உடன்பிறப்புகள்தான் வம்சத்தைத் தொடரும். 2015ல் பார்த்தால் சில பாக்டீரியாக்களிடம் அந்தப் புரதங்களையே வெட்டிப்போடும் ஒரு நொதி இருக்கிறது! அந்த நொதி உள்ளவை சில செடிகளில் நன்றாகப் பெருகுகின்றன, செடிக்கோ பலன் குறைகிறது. செடி ஒரு பூட்டைச் செய்ய, பாக்டீரியா சாவி செய்கிறது.

எல்லாப் பயறும் இப்படி ஊதிப் பெருக்கவைப்பதில்லை. நம் தட்டைப்பயறில் பாக்டீரியா கோலாகவே இருக்கும், அதே ரகத்தை நிலக்கடலைக்குக் கொடுத்தால் உருண்டையாக வீங்கிவிடும். 2010ல் இரண்டையும் ஒப்பிட்டபோது, நிலக்கடலைக்குள் இருந்தபோது அது செலவழித்த ஆற்றலுக்குக் கூடுதல் நைட்ரஜன் பிடித்தது. ஒரே பாக்டீரியாதான், எந்தச் செடிக்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் உழைப்பு மாறுகிறது.

பிள்ளைகளுக்குப் பிடிக்கும் இன்னொன்று: தக்காளி, கத்தரியில் பாக்டீரியா வாடல் நோய் வரவைக்கும் ரால்ஸ்டோனியாவுக்குள், பிரான்ஸின் துலூஸ் நகரில், தொட்டாற்சுருங்கிக் கூட்டாளியின் பிளாஸ்மிடை, அதாவது கூட்டுவாழ்வு மரபணுக்களைச் சுமக்கும் தனி டிஎன்ஏ வளையத்தை, செலுத்தினார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நோய் உண்டாக்கப் பயன்படும் ஊசி போன்ற அமைப்பைக் கெடுக்கும் ஒரு திடீர் மாற்றம் வந்த பிறகு அது முடிச்சு போட ஆரம்பித்தது. 2010ல் வந்த ஆய்வு. நைட்ரஜன் பிடிக்கும் நிலைக்கு அப்போது அது வந்துவிடவில்லை, ஆனால் நோய்க்கிருமிக்கும் கூட்டாளிக்கும் நடுவே எத்தனை சின்ன இடைவெளி இருக்கிறது பாருங்கள்.

உயிரியல் வாத்தியார்:

மூவருக்கும் நன்றி, எதிர்பார்த்ததை விட ரொம்ப அதிகமாகக் கிடைத்திருக்கிறது. அப்படியானால் சில செடிகளுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுகூடத் தோன்றியிருக்கலாமே, விட்டுவிட்டவை உண்டா? அப்புறம், எங்கள் பக்கம் பலர் பயறுக்கும் யூரியா தூவுகிறார்கள். வருடக்கணக்கில் உரம் விழும் மண்ணில் பாக்டீரியா வேறு மாதிரி மாறுமா?

வேர்வழி:

விட்டுவிட்டவை நிறைய உண்டு. ட்ரீமா என்ற மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது. அதன் நெருங்கிய உறவான பாராஸ்போனியா, பயறுக் குடும்பத்தைச் சேராமலே ரைசோபியத்தோடு முடிச்சு போடும். ட்ரீமா போடாது. 2018ல் இரண்டின் மரபுத்தொகுதியையும் ஒப்பிட்டபோது, முடிச்சுக்கு அவசியமான மரபணுக்கள் ட்ரீமாவில் சிதைந்த நிலையில் கிடைத்தன. அதே ஆண்டு வந்த இன்னொரு பெரிய ஒப்பீடும், பல தாவர வரிசைகள் தனித்தனியாக இந்தத் திறமையை இழந்திருப்பதைக் காட்டியது. பாடப்புத்தகம் படித்தால் ஒருமுறை கிடைத்த லாபத்தை யாரும் விடமாட்டார்கள் என்று தோன்றும், இயற்கையில் விட்டிருக்கிறார்கள்.

யூரியா விஷயத்துக்கு அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள கெல்லாக் உயிரியல் நிலையத்தைப் பாருங்கள். 20 ஆண்டுக்கு மேல் தழைச்சத்து (நைட்ரஜன் உரம்) போட்ட பாத்திகளிலிருந்தும் போடாத பாத்திகளிலிருந்தும் பாக்டீரியாவை எடுத்து, குளோவர் என்ற பயறுக் குடும்பத் தீவனச் செடிகளுக்குக் கொடுத்து வளர்த்தார்கள். உரம் விழுந்த பாத்தியின் பாக்டீரியா பெற்ற செடிகள் 17 முதல் 30 சதவீதம் வரை எடை குறைந்து வளர்ந்தன, இலையில் பச்சையமும் குறைவு. முடிவு 2015ல் வந்தது. அந்த மண்ணில் செடிக்கு பாக்டீரியாவின் தயவு தேவையில்லை, ஆகவே நல்லதற்குப் பரிசு கொடுப்பதிலும் கெட்டதை ஒடுக்குவதிலும் தளர்வு வந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கெட்டுப்போவது மகசூல் கணக்கில் உடனே தெரியாது. உரத்தை நிறுத்துகிற வருடம்தான் தெரியும், அதனால்தான் எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

கரிசல் மண்:

இதை உங்கள் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம் ஐயா. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். யூரியா போட்ட உடனே அந்தப் போகத்திலேயே முடிச்சு குறையும், அது செடி எடுக்கும் முடிவு, பாக்டீரியாவின் பரிணாமம் இல்லை. இரண்டையும் பிரிக்க வேண்டும் என்றால் வயலில் பார்க்கக் கூடாது. ஆற்று மணலை நன்றாகக் கழுவி, குக்கரில் வேகவைத்து ஆற வைத்துத் தொட்டிகளில் நிரப்புங்கள். பல வருடம் உரம் கண்ட வயல் மண் ஒரு கைப்பிடி, உரமே காணாத மண் ஒரு கைப்பிடி, தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததைக் கொஞ்சமாக ஊற்றுங்கள். மண்ணை அப்படியே போட்டால் அதிலிருக்கும் உரமும் கூட வந்துவிடும். தட்டைப்பயறு போடுங்கள், தழைச்சத்து இல்லாத மற்ற சத்துக்கள் மட்டும் இரண்டுக்கும் ஒரே அளவு கொடுங்கள். பூ வரும்போது பிடுங்கி இலை நிறத்தையும் செடி எடையையும் ஒப்பிட்டு, முடிச்சுகளை வெட்டி நிறம் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பல தொட்டி வைத்தால்தான் நம்பலாம், ஒரே தொட்டியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சில தொட்டிகளில் எந்தக் கரைசலும் ஊற்றாமல் விடுங்கள். அவற்றில் முடிச்சு வந்தால் மணல் சரியாக வேகவில்லை அல்லது விதையோடு பாக்டீரியா வந்திருக்கிறது என்று அர்த்தம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.