குடும்பக் குழு: அப்பாவின் ஸ்விஃப்ட்டும் முப்பதாயிரம் ரூபாய் எஸ்டிமேட்டும்

சனிக்கிழமை

நான் (காலை 10:05): அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் ஸ்விஃப்ட்டை நேற்று கம்பெனி சர்வீஸில் காட்டிவிட்டு வந்தேன். 2011 ஜனவரியில் வாங்கிய வண்டி, 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து ‘கடக் கடக்’ என்று சத்தம் வருவதும், ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்தால் இடப்பக்கத்தில் ஏதோ முறுக்கிக்கொண்டு விடுபடுவதுபோல் கேட்பதும் அண்மையில் அந்த வண்டியில் ஏறியவர்களுக்குத் தெரியும். சஸ்பென்ஷன் (சக்கரத்தை வண்டியோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு) பாகங்கள் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள்.

நான் (10:11): எஸ்டிமேட்டில் உள்ளது இது: முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு 5,200, ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே வண்டியோடு இணைப்பது) இரண்டு 2,000, முன் காயில் ஸ்பிரிங் இரண்டு 3,800, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) இரண்டு 4,600, லிங்க் ராட் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்புத் தண்டு) இரண்டு 1,300, ஸ்டெபிலைசர் புஷ் (அந்தக் கம்பியைத் தாங்கும் ரப்பர்) 300, டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) இரண்டு 1,100, பின்பக்க ஷாக் இரண்டு 3,200. பாகங்கள் மட்டும் 21,500 ரூபாய். லேபர் 6,500, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,170. அலைன்மெண்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) 900. மொத்தம் 30,070 ரூபாய். இதைச் செய்யலாமா என்பதை எல்லோரும் யோசித்துச் சொல்லுங்கள்.

சென்னை அண்ணன் (10:30): பதினைந்து வயதான வண்டிக்கு முப்பதாயிரமா? விற்கப் போனால் ஒன்றரை லட்சம் தேறினாலே பெரிது. இந்தப் பணத்தை வேறொரு வண்டிக்கு முன்பணமாகப் போடலாம் என்பது என் கருத்து.

நான் (10:38): அண்ணா, இந்த ஆண்டுதான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 5,000 ரூபாய் கட்டணம் செலுத்திப் பதிவைப் புதுப்பித்திருக்கிறோம். இன்னும் ஐந்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, ஏ.சி. நன்றாக இருக்கிறது, துருவும் பெரிதாக இல்லை. கடைத்தெரு, மருத்துவமனை, மாதம் ஒருமுறை சமயபுரம் என்ற அளவில்தான் அப்பா ஓட்டுகிறார். புதிய வண்டி எடுத்தால் மாதத் தவணையே பத்தாயிரத்தைத் தாண்டும். இந்த முப்பதாயிரம் மூன்று தவணைக்குக்கூடப் போதாது. வண்டியை வைத்துக்கொள்வது என்று நானும் அப்பாவும் முடிவு செய்துவிட்டோம். இந்த முப்பதாயிரம் முழுவதும் தேவைதானா என்பது மட்டும்தான் எங்கள் கேள்வி.

மதுரைச் சித்தி (10:52): இன்சூரன்ஸில் இதற்குப் பணம் கிடைக்காதா? ஒவ்வொரு ஆண்டும் கட்டிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

தஞ்சாவூர் மாமா (11:20): கிடைக்காதம்மா. ஓடி ஓடித் தேய்ந்த பாகத்துக்கு எந்த மோட்டார் பாலிசியும் பணம் தராது. விபத்தில் அடிபட்டு லோயர் ஆர்ம் வளைந்திருந்தால் கேட்கலாம். ரப்பர் வெடித்ததற்குக் கேட்க முடியாது.

தஞ்சாவூர் மாமா (11:34): பாப்பா, அந்த எஸ்டிமேட்டைப் படித்துப் பார்த்தேன். எந்தப் பாகம் எப்படிப் போயிருக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அரைகுறையாக மாற்றி, வாடிக்கையாளர் அடுத்த வாரமே அதே சத்தத்தோடு திரும்பி வந்தால் பெயர் கெடும் என்பதால் மொத்தமாக எழுதிவிடுவார்கள். ஆனால் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் நான் இருந்த காலம் முழுவதும், ஆட்டம் எங்கே என்று கையால் பிடித்துப் பார்க்காமல் ஸ்டோரில் ஒரு பாகத்துக்கும் சீட்டுப் போட்டதில்லை. உங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் நாளைக் காலை வண்டியைக் காட்டு. என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். அதை அவரிடம் படித்துக் காட்டு, அவருக்குப் புரியும்.

தஞ்சாவூர் மாமா (11:58): முதலில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல். ஆட்டம் தெரிந்தால் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மறுபடியும் ஆட்ட வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காமல் தொடர்ந்தால் பால் ஜாயிண்ட், அதாவது லோயர் ஆர்மின் நுனியில் சக்கரத்தைப் பிடிக்கும் குமிழ் மூட்டு. அதன்பிறகு சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் நிலை தெரிந்துவிடும். லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷில் ஒரு லீவரைக் கொடுத்து நெம்பினால், ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கிறதா, பிளந்து வாயைத் திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஷாக் அப்சார்பரில் வெறும் தூசி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். எண்ணெய் வழிந்து அதன்மேல் மண் அப்பியிருந்தால்தான் அது போய்விட்டது என்று அர்த்தம்.

தஞ்சாவூர் மாமா (12:06): இன்னொன்று. ‘கடக் கடக்’ சத்தத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது லிங்க் ராடைத்தான். இரண்டு பக்கத்து லிங்க் ராடையும் கழற்றிவிட்டுத் தெருக்கோடிவரை மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல். சத்தம் அடங்கிவிட்டால் குற்றவாளி அதுதான். லிங்க் ராட் இல்லாமல் வண்டி வளைவில் அதிகமாகச் சாயும் என்பதால் வேகம் கூடாது, தெருவைத் தாண்டவும் கூடாது.

மதுரைச் சித்தி (12:40): எங்கள் பக்கத்து வீட்டில் ஷாக் அப்சார்பரை ரீகண்டிஷன் செய்து போட்டார்கள், பாதி விலைதான் ஆனதாம். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் மலிவாகக் கிடைக்குமே, அங்கே விசாரிக்கக் கூடாதா?

தஞ்சாவூர் மாமா (12:55): பழைய வண்டிக்கு ஹெட்லைட், கண்ணாடி, கதவு வேண்டும் என்றால் புதுப்பேட்டைக்குப் போகலாம், தவறே இல்லை. ரப்பரும் எண்ணெய் சீலும் உள்ள பாகத்தை அங்கே வாங்கக் கூடாது. அது வேறொரு வண்டியில் எத்தனை ஆண்டுகள் உழைத்தது என்று யாருக்கும் தெரியாது. ரீகண்டிஷன் ஷாக்கிலும் இதே சிக்கல் உண்டு: எண்ணெய் மாற்றுவார்கள், சீல் மாற்றுவார்கள், ஆனால் மேலும் கீழும் போய்வரும் அந்த ராடின் பளபளப்பில் ஒரு கீறல் இருந்தால் போதும், அது புதிய சீலையும் அறுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை

நான் (பகல் 1:15): மாமா, நீங்கள் சொன்ன வரிசைப்படி மெக்கானிக் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்தார். லிங்க் ராடு இரண்டையும் கழற்றியதும் அந்தச் சத்தத்தில் பெரும்பகுதி நின்றுவிட்டது. கையில் எடுத்து ஆட்டினால் அதன் குமிழ் தானாகவே தொங்குகிறது. இரண்டு லோயர் ஆர்மிலும் பின்பக்கப் புஷ் பிளந்திருக்கிறது. இடப்பக்கப் பால் ஜாயிண்ட்டில், பிரேக்கை மிதித்தபோதும் லேசான ஆட்டம் இருக்கிறது. வலப்பக்க ஷாக்கில் எண்ணெய் வழிந்திருக்கிறது. ஸ்டியரிங் ஒடிக்கும்போது வந்த சத்தம் இடப்பக்க ஸ்ட்ரட் மவுண்ட்டில் இருந்துதான். பானெட்டைத் திறந்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டபோது, ஸ்டியரிங் திரும்பத் திரும்ப அது சீராகச் சுழலாமல் எகிறி எகிறி விழுவது எனக்கே தெரிந்தது.

நான் (1:19): டை ராட் எண்டில் ஆட்டம் இல்லை. காயில் ஸ்பிரிங் உடையவும் இல்லை, இரு பக்கமும் வண்டியின் உயரம் ஒன்றாகவே இருக்கிறது. பின்பக்க ஷாக் இரண்டும் காய்ந்த நிலையில் நன்றாக இருக்கின்றன. முன் டயர்கள் இரண்டிலும் உள்பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது.

தஞ்சாவூர் மாமா (1:40): அப்படியானால் காயில் ஸ்பிரிங், டை ராட் எண்ட், பின்பக்க ஷாக் மூன்றையும் தொட வேண்டாம். அதிலேயே 8,100 ரூபாய் குறைந்துவிட்டது. டயர் உள்பக்கம் தேய்ந்ததற்கு அந்தப் பிளந்த புஷ்தான் காரணம். பிரேக் போடும்போதெல்லாம் லோயர் ஆர்ம் பின்னுக்குத் தள்ளப்பட்டுச் சக்கரத்தின் கோணம் மாறிக்கொண்டே இருந்திருக்கும். இதை இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் டயருக்கும் சேர்த்துச் செலவு வந்திருக்கும்.

சென்னை அண்ணன் (1:52): பணத்தைப் பிரித்துச் செலவழிக்கலாமே. இப்போது வலப்பக்க ஷாக்கையும் லிங்க் ராடையும் மட்டும் மாற்றிவிட்டு, லோயர் ஆர்மையும் மவுண்ட்டையும் தீபாவளிக்குப் பிறகு செய்தால் என்ன?

தஞ்சாவூர் மாமா (2:10): கூடாது மாப்பிள்ளை, இரண்டு காரணங்கள். முதலாவது, பால் ஜாயிண்ட் தள்ளிப்போடும் பாகம் அல்ல. அது ஓடும்போது கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி தரையில் இடிக்கும். உன் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு உன் அப்பா ஓட்டுகிற வண்டி அது. எல்லாவற்றிலும் முதலில் பணம் போக வேண்டியது அதற்குத்தான். இரண்டாவது, ஷாக்கை மாற்ற ஸ்ட்ரட்டை இறக்கி, ஸ்பிரிங்கை அமுக்கி, மவுண்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கையில் எடுத்த அதே மவுண்ட்டை மறுபடியும் பூட்டிவிட்டு ஆறு மாதம் கழித்து மாற்றினால், அதே வேலைக்கு இரண்டு கூலி, இரண்டு அலைன்மெண்ட். ஷாக்கையும் ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது; ஒன்று புதிதாகவும் மற்றது தளர்ந்தும் இருந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். திறந்த இடத்தில் உள்ளதை ஜோடியாக மாற்று. திறக்காத இடத்தை அப்படியே விடு.

நான் (2:25): லோயர் ஆர்மில் புஷ்ஷை மட்டும் லேத் பட்டறையில் அழுத்திப் போட்டுத் தருவதாக மெக்கானிக் அண்ணன் சொல்கிறார். அதற்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுமாம்.

தஞ்சாவூர் மாமா (2:33): பால் ஜாயிண்ட் நன்றாக இருந்திருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஸ்விஃப்ட்டில் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தேதான் வரும், எனவே இடப்பக்கம் முழு ஆர்மாகத்தான் வாங்க வேண்டும். வலப்பக்கமும் அதே வயதுதான். இரண்டையும் ஒரிஜினலாகவே வாங்கிவிடு, அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. ஷாக்கும் லிங்க் ராடும் கேப்ரியல், மன்ரோ, ரானே போன்ற பெயருள்ள கம்பெனிப் பெட்டியில் வாங்கலாம்.

சென்னை அண்ணன் (2:50): அப்படியானால் ஷாக், மவுண்ட், லிங்க் ராடு மூன்றையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் விசாரித்து நான் வாங்கி அனுப்புகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய ஸ்டாக்கில் பழைய விலை அச்சாகியிருந்தால் அதைக் கொடுக்க மாட்டேன். பாக எண்ணுடன் கூடிய பில்லும் கட்டாயம் வாங்குகிறேன். போலிப் பெட்டி விற்பவர்கள் அந்தப் பில்லைத் தரத்தான் தயங்குவார்கள்.

வியாழக்கிழமை

நான் (காலை 9:30): பாகங்கள் அனைத்தும் வந்துவிட்டன, வேலை தொடங்கிவிட்டது. ஷாக்கின் மேல் வரும் ரப்பர் உறையும் பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் முழுவதும் அமுங்கும்போது இடியைத் தாங்கும் கட்டை) உதிர்ந்து தூளாகக் கிடந்ததால், அதையும் இங்கேயே 600 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன்.

தஞ்சாவூர் மாமா (9:41): நல்லது, அது இல்லாவிட்டால் புதிய ஷாக்கில் மண் ஏறிவிடும். இப்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பக்கத்தில் நின்று கவனி. லோயர் ஆர்ம் போல்ட்டுகளை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முழுவதுமாக முறுக்கக் கூடாது. முதலில் லேசாகப் பூட்டிவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர், பிழிந்த துணி மாதிரி எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரமே கிழிந்துவிடும். புதிய புஷ் ஓராண்டில் போய்விட்டது என்று வருகிற புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம்.

நான் (மாலை 5:20): அப்படியே செய்யச் சொன்னேன் மாமா. வண்டியை இறக்கி, முன்பக்கத்தை ஐந்தாறு முறை அழுத்திவிட்ட பிறகு, அடியில் படுத்து முறுக்கினார். அலைன்மெண்ட்டும் முடிந்தது.

நான் (5:34): கணக்கு இதோ. ஷாக் இரண்டு 4,300, மவுண்ட் இரண்டு 1,500, லோயர் ஆர்ம் ஒரிஜினல் இரண்டு 4,600, லிங்க் ராட் இரண்டு 960, ஸ்டெபிலைசர் புஷ் 300, உறையும் பம்ப் ஸ்டாப்பும் 600. பாகங்கள் 12,260 ரூபாய். கூலி 3,000, அலைன்மெண்ட்டும் பேலன்சிங்கும் 900. மொத்தம் 16,160 ரூபாய். எஸ்டிமேட்டைவிட 13,910 குறைவு. இதில் அண்ணன் சென்னையில் அலைந்து விலை பேசியதில் மிச்சமானது 1,740 ரூபாய். கூலியில் குறைந்தது 4,670. மீதிப் பெரும்பகுதி, நன்றாக இருந்த பாகங்களைக் கழற்றாமல் விட்டதால் கிடைத்தது. எந்தக் கடையில் மலிவு என்றுதான் நாம் எல்லோரும் முதலில் கேட்கிறோம். அதற்கு முன்னால் ஜாக்கியைப் போட்டுப் பார்த்த அந்த ஒரு காலைப்பொழுதுதான் இத்தனை பணத்தைக் காப்பாற்றியது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இதை விரிவாக எழுதுகிறேன்.

அப்பா (6:10): பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம்வரை ஓட்டிவிட்டு வந்தேன். வேகத்தடைகளில் சத்தம் அறவே இல்லை. ஸ்டியரிங், விட்டதும் தானாக நடுவுக்கு வருகிறது. பின்பக்கம் மட்டும் சற்றுத் துள்ளுவதுபோல் தோன்றுகிறது.

தஞ்சாவூர் மாமா (6:25): முன்பக்கம் இறுகியதால் அப்படித் தோன்றலாம் மச்சான். டயர் காற்றை ஒருமுறை சரிபாருங்கள். பின்பக்க ஷாக்குக்கான 3,200 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த ஆயில் சர்வீஸில் வண்டியைத் தூக்கும்போது எண்ணெய்க் கசிவு தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பாப்பா, முன் டயர்கள் இரண்டையும் பின்னுக்கு மாற்றச் சொன்னாயா?

நான் (6:31): மாற்றியாகிவிட்டது மாமா. அலைன்மெண்ட் தாளையும் மாற்றிய பழைய பாகங்களையும் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன்.