நடுவில் மெலிந்த குழாய்க்கு ஒரு பெயர்

குன்னூரிலிருந்து:

சைக்கிள் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் அன்புள்ள நண்பர்களே,

ஊட்டித் தம்பி போன வாரம் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். வீடு, மார்க்கெட், சேரிங் கிராஸ் என்று டவுனுக்குள் ஓட்ட, கையைக் கடிக்காத விலையில் பழைய இரும்பு ஃபிரேம் சைக்கிள் வாங்கலாமா? விற்பவர் ஃபிரேம் குழாயை ‘டபுள் பட்டட்’ (double butted) என்கிறாரே, அதற்குத் தமிழில் என்ன?

முதல் கேள்விக்கு நீட்டி முழக்க வேண்டியதில்லை. வாங்கலாம். இரும்பு விரிசல் விட்டால் மலையிலேயே பற்றவைத்துக்கொள்ளலாம், அலுமினியத்தை அப்படிச் சுலபமாகச் சரிசெய்ய முடியாது. ஆனால் ஃபிரேமைப் பார்த்து மயங்கும் முன் கியரைப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூருக்கு நம் ரயிலே 12 அடிக்கு ஓரடி ஏற்றத்தைப் பல்தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டுதான் ஏறுகிறது. நம் தெருக்கள் சில அதையும் மிஞ்சும். பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 34 பல்லும், முன்னால் சின்னதில் 30க்குக் குறைவாகவும் இருந்தால் முழங்கால் பிழைக்கும். ரிம் அலுமினியமாக இருக்கட்டும். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். ஐப்பசி மழையில் பெட்ஃபோர்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். அந்தச் சொல் இல்லாமல் நான் ஒரு ஃபிரேமையே ஓட்டை போட்டுக்கொண்டவன்.

பட்டட் குழாய்க்கு வெளியே முனைக்கு முனை ஒரே பருமன். உள்ளே மட்டும் சுவர் இரண்டு முனையிலும் தடித்து, நடுவில் மெலிந்திருக்கும். முனையில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. என்பதுபோல. குழாயும் குழாயும் சேரும் இடத்தில்தான் பாரம் குவிகிறது, பற்றவைக்கும் சூடு இரும்பைத் தளர்த்துவதும் அங்கேதான். நடுவில் அவ்வளவு இரும்பு தேவையில்லை. பர்மிங்காமில் ஆணி செய்த குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் இதற்கு 1897இல் காப்புரிமை வாங்கிவிட்டார். மலை ரயில் குன்னூரை எட்டியது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1899இல். நமக்கு இன்னும் பெயர்தான் வரவில்லை.

இதில் மிச்சமாகும் எடை எவ்வளவு? 28.6 மி.மீ. குழாயில் சுவர் 0.9இலிருந்து 0.6 ஆனால் 10 செ.மீ.க்கு ஏறத்தாழ 20 கிராம் குறையும். பெரிய குழாய்கள் மூன்றிலும் நடுப்பகுதி 40 செ.மீ. என்று வைத்தால் மொத்தம் கால் கிலோ. அவ்வளவுதான். இதற்காக இரண்டு மடங்கு விலை கேட்டால், தம்பி, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாமிலிருந்து மாற்றலாகிப் போனவர் ஒருவர் விற்ற குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த உருக்கு) சைக்கிள் என்னுடையது. மகளுக்குச் சின்ன சீட் மாட்ட, மேல்குழாயின் நடுவில் ஒரு கொக்கி வைக்கலாம் என்று வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். “பார்த்துங்க, இது பட்டட் டியூப்” என்றேன். “டியூப் டயரெல்லாம் கழட்டியாச்சுங்க” என்றார். ராடு தொட்டதும் அப்பளத்தில் விரல் விட்டதுபோல ஓட்டை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் பார்த்த சைக்கிளெல்லாம் முழுக்க ஒரே கேஜ், அதாவது ஒரே தடிமன்.

ஆகவே என் அளவுகோல் ஒன்றுதான். பட்டறையில் ஒருமுறை சொன்னால் புரிய வேண்டும். இங்கே ஏற்கெனவே யோசனையாக வந்த ‘முட்டுக்குழாய்’ வேண்டாம். இந்த ‘பட்’ முட்டுவதல்ல, தடித்த அடிமுனை, துப்பாக்கிக்குக் கட்டை இருப்பதுபோல. ‘கணுக்குழாய்’ அழகு. ஆனால் மூங்கில் கணு வெளியே புடைத்துத் தெரியும், இங்கே வெளியே ஒன்றும் தெரியாது. ‘கெட்டிமுனைக் குழாய்’ என்று வைக்கலாமா?

கொடைக்கானலிலிருந்து:

அண்ணா, வணக்கம். ‘கெட்டி’ எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. கெட்டி வளையல் என்றால் உள்ளே கூடு இல்லாதது. கெட்டிமுனை என்று கேட்டால் முனையை அடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். ‘தடிமுனை’ என்று மாற்றினால் கைத்தடியின் முனை ஆகிவிடுகிறது!

முனையை விட்டுவிட்டு மெலிந்த இடத்தைப் பிடித்தால் என்ன? ‘இடைமெலி குழாய்’. சுடுநீர், ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. அதனால் நடுவில் ‘க்’ போட்டுவிடாதீர்கள்.

ஆங்கில எண்ணிக்கையையும் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம். அங்கே சிங்கிள் என்றால் ஒரு முனை தடிப்பு, டபுள் என்றால் இரு முனையும் தடிப்பு, ட்ரிபிள் என்றால் மூன்று வேறு தடிமன். முதல் இரண்டில் முனையை எண்ணிவிட்டு, மூன்றாவதில் அளவை எண்ணுகிறார்கள். நாம் 0.9–0.6–0.8 என்று அளவையே எழுதிவிட்டால் குழப்பமில்லை. முழுக்க ஒரே தடிமன் உள்ளதற்கு ‘ஒருசீர்க் குழாய்’ போதும்.

கோத்தகிரியிலிருந்து:

நான் தமிழ் படித்தவன் இல்லைங்க, சைக்கிள் கடையில் வளர்ந்தவன். இடைமெலி என்று சொன்னால் எங்கள் கடைப் பையன் உடுக்கை மாதிரி வெளியே ஒடுங்கிய குழாயைத் தேடுவான். ‘நடு’ என்று வையுங்கள். நடுவில் வெல்டிங் வைக்காதே, நடுவில் வைஸில் மாட்டாதே, பழைய வண்டி வாங்கும்போது நடுவில் நசுங்கல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். எல்லாம் நடுதானே?

ஊட்டித் தம்பிக்கு: காந்தம் ஒட்டினால் இரும்பு, அதற்குமேல் காந்தம் ஒன்றும் சொல்லாது. சீட்டைத் தாங்கும் கம்பியை உருவி, அதில் குத்தியிருக்கும் மி.மீ. எண்ணைப் பாருங்கள். சீட்டுக் குழாய் வெளியே 28.6 இருந்து கம்பி 27.2 என்றால், அங்கே சுவர் 0.7க்கு மேல் இருக்க வழியில்லை, நல்ல குழாய். அதே குழாயில் 25.4 கம்பி என்றால் சுவர் தடிமன், சாதா வண்டி விலைதான் கொடுக்க வேண்டும். அப்புறம் மேல்குழாய் நெடுக நகத்தால் சுண்டிக்கொண்டே போங்கள். மெலிந்த குழாய் என்றால் முனையில் மந்தமாகவும் நடுவில் கணீரென்றும் கேட்கும். கம்பியை உருவிய கையோடு வண்டியைத் தலைகீழாகப் பிடியுங்கள். துருத்தண்ணி கொட்டினால் விலை பேச வேண்டாம். எங்கள் ஊர்ப் பனிக்கு ஃபிரேம் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும்.

குன்னூரிலிருந்து:

கொடைக்கானல் சொன்னபடி என் ‘கெட்டி’யை வாபஸ் வாங்குகிறேன். கோத்தகிரி அண்ணன் சொன்ன உடுக்கை இனி மனதை விட்டுப் போகாது.

நேற்று அதே பட்டறைக்குப் போனேன், ஓட்டையைப் பித்தளை வைத்து கேஸில் அடைக்க. “இது நடுமெலி குழாய்ங்க” என்று மட்டும் சொன்னேன். ஒரு நிமிஷம் குழாயைப் பார்த்தார். “நடுவுல மெலிசா? அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். சாக்பீஸ் எடுத்து இரண்டு பக்கமும் நாலு விரற்கடை விட்டுக் கோடு போட்டுக்கொண்டார். சீட்டுக் கொக்கியை வேறு மாதிரிப் பண்ணலாம், வெல்டிங்கே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ரப்பர் வைத்த கிளிப், சீட்டுக் குழாயின் மேல்முனையில்.

யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் நம் சொற்பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: தலைச்சொல் நடுமெலி குழாய், பேச்சில் நடுமெலிசு. எதிர்ச்சொல் ஒருசீர்க் குழாய்.

அடுத்து ‘லக்’ இருக்கிறது. பழைய சைக்கிள்களில் குழாய்கள் சேரும் மூலையில் வெளியே புடைத்துத் தெரியுமே, அந்த வார்ப்பு உறை. அதற்குக் ‘கணு’ காலியாகத்தானே இருக்கிறது?