ஃபாஸ்டிஃபை: ப்ளகினில் டெக்கரேட் செய்த டிபி, ரூட் ஃபைலில் அண்டிஃபைண்ட் என்று வருகிறது

வணக்கம். எக்ஸ்பிரஸிலிருந்து ஃபாஸ்டிஃபைக்கு (இரண்டுமே நோடில் வெப் சர்வர் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்குகள்) இப்போதுதான் மாறியிருக்கிறேன். டேட்டாபேஸ் இணைப்பைத் தனி ப்ளகினாக எழுதி, அதற்குள் டெக்கரேட் (சர்வர் ஆப்ஜெக்டில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் மெத்தட்) கொடுத்து டிபி என்ற பெயரில் மாட்டியிருக்கிறேன். அங்கேயே லாக் போட்டால் டிபி இருக்கிறது, ஆனால் அடுத்த வரியில் ரெஜிஸ்டர் செய்த ரூட் ஃபைலில் (எந்த முகவரிக்கு என்ன பதில் என்று எழுதும் ஃபைல்) கேட்டால் அண்டிஃபைண்ட், அதாவது அப்படி ஒன்றே இல்லை என்கிறது. வரிசையை மாற்றிப் பார்த்தேன், அவெய்ட் போட்டேன், நோட் மாட்யூல்ஸை அழித்துத் திரும்ப இன்ஸ்டால் கூட செய்துவிட்டேன் (ஏன் என்று கேட்காதீர்கள்).

பதில் 1: ப்ளகின் ஃபங்ஷன் அசிங்க்கா, இல்லை டன் கால்பேக்கா (வேலை முடிந்ததும் நாமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய ஃபங்ஷன்)? டன்னைக் கூப்பிட மறந்திருப்பீர்கள்.

கேட்டவர்: அசிங்க் மட்டும்தான்.

பதில் 2: டன் மறந்திருந்தால் அண்டிஃபைண்ட் வராது, சர்வரே எழும்பாமல் 10 விநாடி கழித்து ப்ளகின் டைம்அவுட் பிழைதான் வரும். உங்களுடையது என்காப்சுலேஷன், அதாவது ப்ளகின்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது. ஒவ்வொரு ரெஜிஸ்டரும் தனி அறை மாதிரி. பெற்றோரில் மாட்டியது உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும், பிள்ளையில் மாட்டியது பெற்றோருக்கும் தெரியாது, பக்கத்து அறைக்கும் தெரியாது. டிபி ப்ளகினும் ரூட் ஃபைலும் பக்கத்துப் பக்கத்து அறைகள், அவ்வளவுதான். எக்ஸ்பிரஸ் பழக்கத்தில் வருகிற எல்லோரும் முதலில் இங்கேதான் முட்டிக்கொள்வார்கள், நானும் முட்டியிருக்கிறேன். ஃபாஸ்டிஃபை-ப்ளகின் என்ற சின்ன பேக்கேஜ் இருக்கிறது, அதால் டிபி ப்ளகினைச் சுற்றிவிடுங்கள். தனி அறை உருவாகாமல் டிபி நேராகப் பெற்றோரிலேயே மாட்டிக்கொள்ளும்.

கேட்டவர்: டிபி வந்துவிட்டது, நன்றி! ஆனால் இப்போது லாகின் ரூட்டே 401 (அனுமதி இல்லை) கொடுக்கிறது, ஏபிஐ ப்ரிஃபிக்ஸ் (முகவரியின் முன்னொட்டு) போட்ட முகவரிகள் எல்லாம் 404 (அப்படி ஒன்று இல்லை).

பதில் 2: எல்லா ஃபைலையும் சுற்றிவிட்டீர்களா?

கேட்டவர்: ...ஆமாம்.

பதில் 2: அதுதான் வினை. சுற்றிய ரூட் ஃபைலுக்கு ப்ரிஃபிக்ஸ் வேலை செய்யாது, ஏனென்றால் அது தனி அறைக்குத்தான் பொருந்தும். டோக்கனைச் சரிபார்க்கும் ஆத் ப்ளகினையும் சுற்றியதால் அதன் ஆன்ரிக்வெஸ்ட் ஹூக் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட் வரும்போதும் ஓடும் ஃபங்ஷன்) மொத்த ஆப்புக்கும் பரவி, லாகினிலேயே டோக்கன் கேட்கிறது. ரூட் ஃபைல்களில் சுற்றியதை எடுத்துவிடுங்கள், டிபியில் அப்படியே இருக்கட்டும். ஆத்துக்கு மட்டும் ஒரு வேலை: சுற்றாத வெளி ப்ளகின் ஒன்று எழுதி, அதற்குள் சுற்றிய ஆத்தையும் பாதுகாப்பு வேண்டிய ரூட்டுகளையும் ரெஜிஸ்டர் செய்யுங்கள். லாகின் அதற்கு வெளியே. அப்போது ஹூக் அந்த அறையோடு நின்றுவிடும்.

பதில் 3: கூடவே, சுற்றும்போது டிபிக்கு ஒரு பெயர் கொடுத்து, ஆத்தின் டிபென்டன்சீஸில் (அதற்கு முன்பே இருக்க வேண்டிய ப்ளகின்களின் பட்டியல்) அந்தப் பெயரைப் போட்டுவிடுங்கள். டிபியை ரெஜிஸ்டர் செய்ய மறந்தால் சர்வர் எழும்பும்போதே பிழை காட்டும், ரிக்வெஸ்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எது எதற்குள் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க, ரெடி ஆன பிறகு பிரிண்ட்ப்ளகின்ஸ் கூப்பிட்டால் மரமாகக் காட்டும்.

கேட்டவர்: மரத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, ஒரு ரூட் ஃபைலில் சுற்றியதை எடுக்காமல் விட்டிருந்தேன். இப்போது லாகின் 200, டோக்கன் இல்லாமல் உள்ளே போனால் 401. இழையை முடித்துக்கொள்ளலாம்.