ஆர்.ஓ. மெஷின் வாங்கணுமா, சாதா ஃபில்டர் போதுமா?

தோட்டத்துத்தம்பி:
வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டின தாமான் (குடியிருப்பு) வீடு. மீட்டர் போட்ட பைப் தண்ணிதான். சப்ளை நின்னு திரும்ப வர்ற அன்னிக்குத் தேத்தண்ணி கலர்ல வருது. மத்த நாள்ல குளோரின் வாடை. வீட்டுல வயசான அம்மா இருக்காங்க, கைக்குழந்தையும் இருக்கு. வீடு வீடா வர்ற ஒரு விற்பனையாளர் ரெண்டு கிளாஸ் தண்ணியில கரண்ட் கம்பி விட்டுக் காட்டினார். பைப் தண்ணி செம்பழுப்பா திரிஞ்சு போச்சு, ஆர்.ஓ. (அழுத்தம் கொடுத்து நுண்ணிய சவ்வு வழியா வடிக்கிற மெஷின்) தண்ணி தெளிவாவே இருந்துச்சு. ஆர்.ஓ. மெஷினோட, மீட்டர் பக்கத்துல கரி போட்ட பெரிய ஃபில்டரும் மாட்டணும்னு சொல்றார். ரெண்டும் தேவையா? கொதிக்க வெச்சுக் குடிச்சா போதாதா?

குழாய்வேலை:
தம்பி, அந்தக் கரண்ட் சோதனையைப் பார்த்துப் பயப்பட வேணாம். அதுல முக்குற கம்பியில ஒண்ணு இரும்பு. கரண்ட் பாயும்போது அந்த இரும்பே கரைஞ்சு துருவா மிதக்குது, தண்ணியில இருந்த அழுக்கு இல்ல அது. கரண்ட் பாய தண்ணியில உப்புச்சத்து இருக்கணும். ஆர்.ஓ. தண்ணியில அது ரொம்பக் குறைவு, அதனாலதான் தெளிவா நிக்குது. அதே ஆர்.ஓ. தண்ணியில ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்க, அதுவும் செம்பழுப்பாகும்.

எதையும் வாங்குறதுக்கு முன்னால ரெண்டு விஷயம் பாருங்க. கலங்கல் வர்ற அன்னிக்கு வெள்ளை வாளியில தண்ணி பிடிங்க. பிடிக்கும்போதே பழுப்பா இருந்தா அது பைப்புல படிஞ்ச துரு, வண்டல். சாதாரண பஞ்சு ஃபில்டர் பிடிச்சிடும். தெளிவா வந்து, ஒரு மணி நேரம் கழிச்சுப் பழுப்பானா இரும்பு கரைஞ்சு வருதுன்னு அர்த்தம், பஞ்சுக்கு அது சிக்காது. பால் மாதிரி வெளுத்து வந்து அடியிலிருந்து தெளிஞ்சா வெறும் காத்து, விட்டுடுங்க.

அடுத்தது, மீட்டர் வால்வை மூடிட்டு சமையலறைக் குழாயைத் திறங்க. உடனே நின்னா அது நேர் லைன். ஓடிக்கிட்டே இருந்தா மேல் டேங்கியிலிருந்து வருது.

நீர்ஆய்வு:
மீட்டர் பக்கத்துல கரி போடறதுதான் இதுல பெரிய தப்பு, இதை யாரும் எடுத்துச் சொல்றதில்ல. நம்ம மலேசியக் குடிநீர்த் தரப்படி குழாய் தண்ணியில லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் மிச்சம் இருக்கணும். பைப்புலயும் டேங்கியிலயும் கிருமி வளராம காக்கிறது அதுதான். வாசல்லயே கரி அதை எடுத்துட்டா, வெயில்ல சூடாகிற மேல் டேங்கியில காவல் இல்லாத தண்ணி நாள் கணக்கா நிக்கும். வெளியே மாட்டணும்னா மணல் மட்டும் போட்டு, தவறாம பேக்வாஷ் (தண்ணியைத் திருப்பி விட்டுக் கழுவுறது) பண்ணுங்க. கரி, குடிக்கிற குழாய்க்குக் கடைசி இடத்துல மட்டும் போதும்.

கொதிக்க வைக்கிறது வேற வேலை. ஒரு நிமிஷம் தளதளன்னு கொதிச்சா கிருமி சாகும். துரு, ஈயம், நைட்ரேட் எதுவும் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். குழந்தைக்குப் பால்மாவு கலக்க, எந்த ஃபில்டர் இருந்தாலும் கொதிக்க வெச்ச தண்ணிதான், அதுவும் 70 டிகிரிக்குக் கீழே ஆறுறதுக்குள்ள கலக்கணும். ஊட்டுறதுக்கு முன்னால நல்லா ஆற வைங்க.

உப்புத் தண்ணிக்கும் நைட்ரேட்டுக்கும் ஆர்.ஓ. நல்ல வழி. உங்களுக்கு வர்றது சுத்திகரிச்ச பைப் தண்ணி. ஒரு லிட்டர் குடிக்க ரெண்டு மூணு லிட்டரைக் கொட்டுற மெஷின் இதுக்குத் தேவையில்ல. தோட்டத்துப் பக்கம் கிணத்துத் தண்ணி குடிக்கிறவங்க கதை வேற: உரம் இறங்கியிருக்கலாம், நைட்ரேட்டும் ஈ.கோலியும் (மலக் கலப்பைக் காட்டுற பாக்டீரியா) லேப்ல பார்க்காம எந்த ஃபில்டரும் வாங்காதீங்க.

தோட்டத்துத்தம்பி:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. பிடிக்கும்போதே பழுப்புதான். சமையலறை நேர் லைன், பாத்ரூமுக்கு டேங்கி. அப்போ எதை எந்த வரிசையில மாட்டுறது?

குழாய்வேலை:
சிங்க்குக்கு அடியில 10 இன்ச் ஹவுசிங் (ஃபில்டரைப் போடற கூடு) மூணு. முதல்ல 5 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) பிபி (பாலிபுரொப்பிலீன்) பஞ்சு, அடுத்து கார்பன் பிளாக் (கரியை அழுத்திச் செஞ்ச கட்டி), கடைசியில செராமிக் இல்லேன்னா யுஎஃப் (ரொம்ப நுண்ணிய துவாரம் உள்ள சவ்வு). வரிசை மாறக் கூடாது. துரு நேரா கார்பன்ல ஏறினா ஒரே கலங்கல்ல அடைச்சிடும். யுஎஃப்போட துவாரம் 0.01 மைக்ரான் அளவு, பாக்டீரியா தாண்டாது. செராமிக்ல மயிரிழை விரிசல் விழுந்தா அது இருந்தும் இல்லாத மாதிரி, கழுவும்போது விரலால தடவிப் பாருங்க. கழுவ சோப்பு வேணாம், ஓடுற தண்ணியில மென்மையான நாரு போதும்.

ஃபில்டருக்கு முன்னால தனி வால்வு கட்டாயம். ஹவுசிங்கைக் கையால இறுக்குங்க. ஸ்பேனர் போட்டு முறுக்கினா ஓ-ரிங் (மூடியில இருக்கிற ரப்பர் வளையம்) நசுங்கி ஒழுகும். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ்தான், வாஸ்லின் சில ரப்பரை உப்ப வெச்சிடும். புது கார்பன் போட்டதும் கரித்தூள் நின்னு தெளியற வரைக்கும் கீழே விடுங்க. அப்புறம் விரல் தடிமனுக்கு மேல திறக்காதீங்க, வேகமா ஓடினா குளோரினை எடுக்க கரிக்கு நேரம் பத்தாது.

பிபி பழுப்பாகி ஓட்டம் குறைஞ்சதும் மாத்துங்க, மூணு மாசத்துக்கு மேல இழுக்க வேணாம். கார்பன்தான் ஏமாத்தும், பார்வைக்கு எதுவும் தெரியாது. நீச்சல் குளத்துக்கு விக்கிற, குளோரின் இருக்கான்னு சோதிக்கிற சொட்டு வாங்கி வெச்சுக்குங்க. குழாய் தண்ணியில மஞ்சளாகும், ஃபில்டர் தண்ணியில நிறம் வந்துட்டா கார்பன் முடிஞ்சது. வராட்டியும் ஆறு மாசத்துல மாத்திடுங்க.

நீர்ஆய்வு:
டேங்கியையும் விட்டுடாதீங்க. வண்டலை வழிச்சு எடுத்துட்டு, 1,000 லிட்டருக்கு வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் ஒரு லிட்டர் கலந்து, எல்லாக் குழாயிலயும் குளோரின் வாடை வர்ற வரைக்கும் திறந்து மூடி, ராத்திரி முழுக்க விடுங்க. காலையில முழுசா வடிச்சு, புதுத் தண்ணி நிரப்பி மறுபடி வடிங்க. அதுவரைக்கும் அந்தத் தண்ணியை யாரும் புழங்க வேணாம்.

குழாய்வேலை:
சப்ளை திரும்பி வர்ற அன்னிக்கு ஃபில்டர் வால்வையும் டேங்கிக்குப் போற வால்வையும் முதல்லயே மூடிடுங்க. வாசல் குழாயைத் திறந்து, வாளியில அடி தெரியற வரைக்கும் ஓட விட்டுட்டு அப்புறம் திறங்க. பழுப்புத் தண்ணி செடிக்கு ஊத்தலாம்.