ஃப்ளூ ஊசி போட்டும் பிள்ளைக்குப் பனி வந்தது, பிறகு அந்த ஊசி எதற்கு?

விளவங்கோடு அப்பா:
எங்கள் பக்கத்தில் காய்ச்சலைப் 'பனி' என்போம். தலைப்பைப் பார்த்து யாரும் மார்கழிப் பனியை நினைத்துவிட வேண்டாம். என் மகனுக்கு நான்கு வயது. சென்ற மே மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவர், மழை தொடங்குமுன் ஃப்ளூ ஊசி போட்டுவிடுவது நல்லது என்றார். 1,900 ரூபாய் கொடுத்துப் போட்டோம். ஆகஸ்டில் மூன்று நாள் 102 டிகிரி பனியும் இருமலும் வந்து, வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. ஆண்டுதோறும் போட வேண்டிய இந்த ஊசி பிள்ளைகளைப் பெரிய நோயிலிருந்து உண்மையிலேயே காக்கிறதா என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "என் மகளுக்குப் போட்டேன், ஒன்றும் வரவில்லை" என்ற வகைப் பதில் வேண்டாம். ஊசியே போடாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்றும் வரவில்லை.

நாகர்கோவில் செவிலி:
தம்பி, அந்த ஆகஸ்டுப் பனி ஃப்ளூதான் என்று பரிசோதித்தார்களா? ஆர்.எஸ்.வி., அடினோ, ரைனோ என்று மழைக்காலத்தில் பிள்ளைகளைப் பிடிக்கும் வைரஸ்கள் பல. இந்த ஊசி இன்ஃப்ளுயன்சாவை, அதாவது ஃப்ளூவை மட்டுமே தடுக்கப் பார்க்கிறது. அதையும் முழுதாகத் தடுப்பதில்லை. அதன் பெரிய பயன் நோய் முற்றாமல் இருப்பதில்தான் தெரிகிறது. அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரை ஃப்ளூவால் இறந்த பிள்ளைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், வேறு நோய் இல்லாத பிள்ளைகளிடம் இறப்பு அபாயத்தை ஊசி 65 விழுக்காடும், ஆஸ்துமா, இதயக் கோளாறு போன்றவை உள்ள பிள்ளைகளிடம் 51 விழுக்காடும் குறைத்ததாகக் கண்டார்கள்.

இன்னொன்று: தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பது வயதுக்குக் கீழே முதல்முறை போடும் பிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். உங்கள் அட்டையில் எத்தனை தேதி இருக்கிறது?

கல்குளம் கணக்கர்:
அக்கா, 65 விழுக்காடு என்ற எண் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், எதில் 65 என்பதை யாரும் சொல்லாமல் விடுவதுதான். 2024-25 பருவத்தில் அமெரிக்காவில் ஃப்ளூவால் இறந்ததாகப் பதிவான பிள்ளைகள் சுமார் 280 பேர். அங்கே பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஏழு கோடிக்கும் மேல். மிக அரிதாக நடப்பதைப் பாதிக்கும் மேல் குறைத்தாலும், ஒரு தனிக் குடும்பத்துக்கு அதனால் மாறுவது மிகச் சிறிது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 41 சோதனைகளைப் பார்த்து 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு, செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன ஊசி ஃப்ளூ வரும் வாய்ப்பை 30 விழுக்காட்டிலிருந்து 11 ஆகக் குறைக்கிறது என்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் ஃப்ளூ போன்ற காய்ச்சல்களை மொத்தமாக எடுத்தால் 28 என்பது 20 ஆகத்தான் குறைகிறது; வீட்டில் நாம் பார்ப்பது இந்த இரண்டாவது கணக்கைத்தான். மருத்துவமனையில் சேர்ப்பது, நிமோனியா ஆகியவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல அந்தச் சோதனைகளில் போதிய தரவு இல்லை. நீங்கள் காட்டும் ஆய்வு சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அன்று. ஊசி போடும் பெற்றோர் மற்ற விஷயங்களிலும் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிப்பவர்களாக இருக்கலாம்.

நாகர்கோவில் செவிலி:
அண்ணன் சொல்வதில் ஒரு பகுதி சரி. ஆனால் தீவிர நோய் அரிது என்றால், அதைச் சோதனையில் அளக்கப் பல லட்சம் பிள்ளைகள் வேண்டும். சோதனையில் தெரியவில்லை என்பதைப் பலன் இல்லை என்று படிக்கக் கூடாது. நீங்கள் சொன்ன அதே 280 பேரை எடுங்கள். ஊசி போடும் வயதில் இருந்து, போட்டார்களா என்ற விவரமும் தெரிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தவணையை முழுமையாகப் போடாதவர்கள். ஏறத்தாழ பாதிப் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொள்ளும் நாட்டில் இது தற்செயலாகவோ, பெற்றோரின் அக்கறை வித்தியாசத்தால் மட்டுமோ வருமா? மேலும், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த பிள்ளைகளுக்குள்ளேயே, ஃப்ளூ உறுதியானவர்களையும் ஃப்ளூ இல்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், 2010 முதல் 2012 வரை அங்கே சேரும் அபாயத்தை ஊசி 74 விழுக்காடு குறைத்தது தெரிந்தது. இரு தரப்பும் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள்தாம் என்பதால் அக்கறை வித்தியாசம் பெருமளவு அடிபட்டுப் போகிறது.

வார்டில் நான் பார்ப்பது வேறு. மூச்சு இழுக்கையில் மூக்கு விடைத்து, விலாவுக்குக் கீழே குழி விழ, பால் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும் குழந்தையின் தாய், முன்பு நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது என்றே சொல்கிறாள். எந்தப் பிள்ளை அந்தக் கட்டிலுக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது.

குளச்சல் அம்மா:
எங்கள் அட்டையில் 'ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா' என்று இருப்பதைப் பார்த்து, ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டா ஊசியிலேயே ஃப்ளூவும் அடக்கம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அது தவறா?

நாகர்கோவில் செவிலி:
தவறுதான் அம்மா, ஆனால் குற்றம் பெயரில் இருக்கிறது. அது வைரஸ் அல்ல, பாக்டீரியா. ஃப்ளூவுக்குக் காரணம் அதுதான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தப்பாகக் கருதியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பென்டா ஊசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் அரசுத் திட்டத்தில் வந்தது. ஃப்ளூ ஊசி தேசிய அட்டவணையில் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் போடும்படி இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது.

கல்குளம் கணக்கர்:
பரிந்துரைப்பவர்கள் பணம் கொடுப்பதில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு மழை பெய்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. பிள்ளைக்குப் பனி வருவதும் அதே நாட்களில்தான். இரண்டு பிள்ளைகள் இருந்தால், முதல் ஆண்டில் தலைக்கு இரண்டு தவணை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமோனியா தரும் நிமோகாக்கஸுக்கு எதிரான ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். முதலில் அது விடுபடாமல் இருக்கட்டும் என்பேன். மூச்சு இழுப்பு உள்ள பிள்ளை, இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் கடன் வாங்கியாவது ஃப்ளூ ஊசி போடலாம். மற்ற எல்லாருக்கும் என்று நீங்கள் சொல்வதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

நாகர்கோவில் செவிலி:
அப்படியானால் உங்கள் சண்டை விலையோடு, ஊசியோடு அல்ல. இலவசமாகக் கிடைத்தால் மறுப்பீர்களா?

கல்குளம் கணக்கர்:
மறுக்க மாட்டேன்.

விளவங்கோடு அப்பா:
அட்டையைப் பார்த்தேன் அக்கா. ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது. இரண்டாவது தவணை வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பரிசோதனையும் செய்யவில்லை, ஆகவே ஆகஸ்டில் வந்தது எது என்று இனித் தெரியப்போவதில்லை. மகனுக்கு மழைக்காலத்தில் இழுப்பு வருவதுண்டு. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வரும் ஆண்டு ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பலன் வர வேண்டுமானால் எந்த மாதத்தில் போட வேண்டும்?

நாகர்கோவில் செவிலி:
ஏப்ரலில் புதிய ஆண்டுக்கான மருந்து வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். உடலில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். சென்ற ஆண்டு ஒரு தவணைதான் போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இம்முறையும் இரண்டு தேதி எழுதுவார்.