கையில் இருப்பவர்களுக்கு ஏற்ற ஆஃபென்ஸா, ஆஃபென்ஸுக்கு ஏற்ற ஆட்களா?

கணேஷ்_ஆன்ஆர்பர்

போன வாரம் வேறொரு இழையில் மணி அண்ணன் எழுதியது: "நல்ல கோச் தன் ஆட்டமுறையை விட்டுக்கொடுக்க மாட்டார். ஆட்கள்தான் அதற்கு ஏற்ப மாற வேண்டும்." அங்கே பதில் சொன்னால் பேச்சு திசை மாறிவிடும் என்று தனி இழை தொடங்குகிறேன். பேசப்போவது அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி. ஆஃபென்ஸ் என்றால் பந்தை முன்னே கொண்டுபோகும் தாக்குதல் ஆட்டம், டிஃபென்ஸ் அதைத் தடுப்பது.

என் கட்சி இது. லாக்கர் ரூமில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கோச் பிளேபுக்கை (ஆட்டத் திட்டங்களின் புத்தகம்) திறக்க வேண்டும். இதற்கு எங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 2008 சீசனைவிட வலுவான உதாரணம் எனக்குத் தெரியாது. வெஸ்ட் வர்ஜினியாவில் கொடிகட்டிப் பறந்த ரிச் ரோட்ரிகெஸை அழைத்து வந்தார்கள். ஆட்களை மைதானத்தின் அகலத்துக்குப் பரப்பி நிறுத்தும் அவருடைய ஸ்ப்ரெட் ஆஃபென்ஸின் உயிர்நாடி ஸோன் ரீட். ஒரு டிஃபென்சிவ் எண்டை (எதிரணித் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) வேண்டுமென்றே பிளாக் செய்யாமல், அதாவது இடித்து மறிக்காமல், விடுவார்கள். ஆஃபென்ஸை நடத்தி பந்தை எறியும் குவாட்டர்பேக், பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்கின் வயிற்றருகே அதை நீட்டிக்கொண்டே அந்த எண்டைக் கவனிப்பார். எண்ட் ரன்னிங் பேக்கைத் துரத்தி உள்ளே வந்தால், பந்தைத் தானே வைத்துக்கொண்டு காலியான இடத்தில் ஓடுவார். எண்ட் நின்ற இடத்திலேயே நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவார். ஒருவரைத் தொடாமலேயே ஆட்டத்திலிருந்து நீக்கிவிடும் அருமையான கணக்கு. ஆனால் குவாட்டர்பேக் ஓடிவிடுவார் என்ற பயம் எதிரணிக்கு இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும்.

அந்த வருஷம் எங்களிடம் இருந்தவர் ஸ்டீவன் த்ரெட். ஆறரை அடிக்குப் பக்கத்தில் உயரம், நின்று எறியப் பழகியவர். அவருக்கு அடுத்தவர் ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணிக்குள் வந்த நிக் ஷெரிடன். எதிரணி எண்ட்கள் குவாட்டர்பேக்கைக் கண்டுகொள்ளாமல் நேரே ரன்னிங் பேக்கின் மேல் பாய்ந்தார்கள். 3 வெற்றி, 9 தோல்வி. சொந்த மைதானத்தில் டொலீடோவிடம் 13-10. 1967க்குப் பிறகு தோல்விகள் மிஞ்சிய முதல் சீசன். சீசன் முடிவில் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் பவுல் ஆட்டத்துக்குத் தொடர்ந்து 33 சீசன் போன வரிசை அறுந்தது.

மலைநாட்டு_மணி

கணேஷ் தம்பி, தனி இழை தொடங்கியது நல்லதுதான். ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

ரோட்ரிகெஸ் வந்தபோது மிச்சிகனில் என்ன மிச்சம் இருந்தது? குவாட்டர்பேக் சாட் ஹென்னி, ரன்னிங் பேக் மைக் ஹார்ட் இருவரும் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். லைனில் இடித்து மறிக்கும் ஜேக் லாங், 2008ல் என்எஃப்எல் (தொழில்முறை லீக்) அணிகள் கல்லூரி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். பாஸைப் பிடிக்கும் ரிசீவர்கள் மானிங்ஹாம், ஆரிங்டன் இருவரும் ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே கிளம்பினார்கள். குவாட்டர்பேக் ரயன் மாலட் ஆர்கன்சாவுக்கு மாறிக்கொண்டார். இப்படிக் காலியான வீட்டில் "இருப்பவர்களுக்கு ஏற்ற ஆஃபென்ஸ்" என்றால் என்ன அர்த்தம்? எந்த முறையில் ஆடினாலும் அந்த வருஷம் அடிதான். எப்படியும் அடி வாங்கத்தான் போகிறோம் என்றால், நாளைக்கு ஆடப்போகும் ஆட்டத்தைப் பழகிக்கொண்டே வாங்குவது மேல்.

அப்புறம், அவரைக் கூட்டி வந்ததே அந்த ஆட்டமுறைக்காகத்தானே? துலேனில் ஆஃபென்ஸை அவர் பார்த்துக்கொண்ட 1998ல் அணி 12-0 (12 வெற்றி, தோல்வியே இல்லை). எங்கள் வெஸ்ட் வர்ஜினியாவில் பேட் வைட், ஸ்டீவ் ஸ்லேட்டனை வைத்து 2005 சீசனின் சுகர் பவுலில் ஜார்ஜியாவை 38-35 என்று வென்றார். அதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தீர்கள். வந்த பிறகு "உங்கள் ஆட்டத்தை ஆடாதீர்கள்" என்பது நியாயமா?

பலனும் கிடைத்தது. 2010ல் டெனார்ட் ராபின்சன் 1,702 யார்டு ஓடினார். அதுவரை எந்தக் கல்லூரி குவாட்டர்பேக்கும் ஒரு சீசனில் அவ்வளவு ஓடியதில்லை. அந்த வருஷம் அணியைக் கவிழ்த்தது டிஃபென்ஸ். இலினாயை 67-65 என்று ஜெயிக்க வேண்டி வந்ததே, அதிலேயே தெரியவில்லையா?

இன்னொன்று. என்எஃப்எல் கோச் பில் வால்ஷ் சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் வருஷம், 1979ல், 2-14. அடுத்த வருஷம் 6-10. மூன்றாவது வருஷம் சூப்பர் பவுல், அதாவது என்எஃப்எல் கோப்பை. பொறுமை இருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது.

செல்வி_பால்டிமோர்

மணி அண்ணா, காலியான வீடு என்பதை ஒத்துக்கொள்ளலாம். நிறைந்த வீட்டிலும் கோச் மாற மறுப்பது உண்டு, மாறுவதும் உண்டு. என்எஃப்எல்லில் எங்கள் பால்டிமோர் ரேவன்ஸ் மாறியது.

2018 சீசன் நடுவில் குவாட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோவுக்கு இடுப்பில் அடி. அவர் நின்று தூரமாக எறிகிற ஆள். பல வருஷமாக அணியே அவரைச் சுற்றி இருந்தது. அவர் இடத்துக்கு லமார் ஜாக்சன் வந்தார். கோச் ஜான் ஹார்பா அவரை ஃப்ளாக்கோ மாதிரி ஆடச் சொல்லவில்லை. லமார் தொடக்கத்திலிருந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே 27 முறை ஓடினார். அந்த ஆட்டத்தோடு சேர்த்துக் கடைசி ஏழில் ஆறு வெற்றி.

அதைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. சீசன் முடிந்ததும் கிரெக் ரோமனிடம் ஆஃபென்ஸை ஒப்படைத்து, லமாருக்காகவே எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார்கள். டைட் எண்ட்கள் (இடித்து மறிப்பதும் பாஸ் பிடிப்பதும் இரண்டும் செய்பவர்கள்) மூன்று பேர், ஆண்ட்ரூஸ், ஹர்ஸ்ட், பாய்ல். பின்னால் ரன்னிங் பேக் மார்க் இங்ராம். 2019ல் 14-2. அணி ஓடியது 3,296 யார்டு. என்எஃப்எல் வரலாற்றில் ஒரு சீசனுக்கு அதுதான் அதிகம். அதே வருஷம் டச்டவுன் பாஸ் அதிகம் எறிந்தவரும் லமார்தான், 36. இவருக்குக் குவாட்டர்பேக் வேலை சரிவராது, ரிசீவராகப் போகட்டும் என்று டிராஃப்டுக்கு முன்னால் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

கார்த்திக்_அட்லாண்டா

மணி அண்ணன் பக்கம் ஒரு ஓட்டு. அதே 2008ல் ஜார்ஜியா டெக்குக்கு பால் ஜான்சன் வந்தார். முன்பிருந்தது என்எஃப்எல் பாணி ஆஃபென்ஸ். அவர் முதல் நாளிலிருந்தே டிரிபிள் ஆப்ஷன்தான், அதாவது எதிரணியைப் பார்த்து மூன்று பேரில் யார் பந்தோடு ஓடுவது என்று ஓட்டத்தின் நடுவே முடிவு செய்யும் ஆட்டம். யாருக்காகவும் மாற்றவில்லை. 9-4, கூடவே ஜார்ஜியாவை அவர்கள் மைதானத்திலேயே 45-42. இதற்கு என்ன சொல்கிறீர்கள், கணேஷ்?

கணேஷ்_ஆன்ஆர்பர்

கார்த்திக், நல்ல கேள்வி. ஆனால் ஜான்சனுக்கு யார் கிடைத்தார்கள் என்று பாருங்கள். ஜாஷ் நெஸ்பிட், முந்தைய கோச் காலத்திலேயே ஓடுவதற்கென்று களம் இறக்கப்பட்ட குவாட்டர்பேக். ஜோனதன் ட்வயர், நடுவே இடித்துக்கொண்டு போகிற பேக், அந்த வருஷம் ஏசிசியின் (ஜார்ஜியா டெக் ஆடும் கல்லூரி லீக்) சிறந்த ஆட்டக்காரர். வெளியே டெமேரியஸ் தாமஸ். (2011 சீசனின் பிளேஆஃபில், அதாவது நாக்-அவுட் சுற்றில், டிம் டீபோ எறிந்ததைப் பிடித்து 80 யார்டு ஓடி ஸ்டீலர்ஸை வெளியேற்றினாரே, அவரேதான்.) டிரிபிள் ஆப்ஷனுக்கு வேண்டிய முக்கியமான ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ஆக ஜார்ஜியா டெக்கில் பொருத்தம் இருந்தது, மிச்சிகனில் இல்லை. இரண்டும் என் பக்கத்துச் சாட்சிகள்.

மணி அண்ணா, வால்ஷை நீங்கள் எடுத்தது எனக்குச் சந்தோஷம். அவருடைய அந்த ஆஃபென்ஸ் எங்கே பிறந்தது? சின்சினாட்டியில். கிரெக் குக் என்று ஓர் இளைஞர், தூரமாக எறியும் பெரிய கை. 1969ல் தோளில் அடிபட்டது. 1970ல் வால்ஷிடம் இருந்தது வர்ஜில் கார்ட்டர். கையில் பலம் குறைவு, ஆனால் குறி தப்பாது, புத்திசாலி. அதனால் வால்ஷ் ஆட்டத்தைக் குறுக்கினார். சின்னச் சின்ன பாஸ், பின்வாங்கும் காலடிகளை எண்ணி எறிவது, மைதானத்தின் அகலத்தைப் பயன்படுத்துவது. 1971ல் என்எஃப்எல்லில், எறிந்த பாஸ்களில் ஆளிடம் சேர்ந்தவற்றின் சதவீதத்தில் கார்ட்டர்தான் முதலிடம். உலகமே காப்பியடித்த அந்த ஆட்டமுறை, ஒரு ஆட்டக்காரரின் பலவீனத்தைப் பார்த்து வரையப்பட்டது.

அந்த 2-14 வருஷத்தையும் பார்ப்போம். அப்போது குவாட்டர்பேக் ஸ்டீவ் டிபெர்க். 578 முறை எறிந்து 347ஐச் சேர்த்தார். இரண்டுமே அன்றைக்கு என்எஃப்எல் சாதனை. தோற்றார்கள், சரி. ஆனால் அவரால் முடியாத வேலையை வால்ஷ் அவரிடம் கேட்கவில்லை. த்ரெட்டிடம் கேட்டார்கள்.

மலைநாட்டு_மணி

த்ரெட் ஓடவே மாட்டார் என்று எழுதுகிறீர்கள். விஸ்கான்சினுடன் 19-0 என்று பின்தங்கி 27-25 என்று ஜெயித்த ஆட்டத்தில் 58 யார்டு ஓடியது யார்? ரீட் சரியாகச் செய்தால் யாரும் ஓடலாம்.

செல்விக்கு ஒன்று. 14-2க்குப் பிறகு என்ன ஆச்சு? பிளேஆஃபில் வீட்டுக்கு வந்த டென்னசி 28-12 என்று அனுப்பிவைத்தது. ஒரே ஆளின் காலைச் சுற்றி ஆஃபென்ஸ் கட்டினால், அந்த ஆளை நிறுத்தத் தெரிந்த அணி ஒன்று ஜனவரியில் வந்தே தீரும். ஆட்டமுறை என்பது ஆளைத் தாண்டி நிற்க வேண்டும்.

செல்வி_பால்டிமோர்

அண்ணா, அந்த ஆட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். லமார் 59 முறை எறிந்தார். சீசன் முழுக்க ஓடியே ஜெயித்த அணி! பின்தங்கியதும் கைவிட்டது தன் சொந்த ஆட்டத்தை. நான்கு வருஷம் கழித்து கான்சஸ் சிட்டியுடன் 17-10; அதில் ரன்னிங் பேக்குகளுக்குக் கிடைத்தது மொத்தமே ஆறு ஓட்டம். இரண்டு தோல்வியிலும் எதிரணி நன்றாக ஆடியது, மறுக்கவில்லை. ஆனால் பலத்தை நம்பி ஆடியதால் தோற்றோம் என்று சொல்ல அந்த இரண்டு ஆட்டமும் உதவாது. பலத்தை விட்டுவிட்டுத் தோற்றோம்.

லைன்_பாஸ்கரன்

டெக்சாஸில் என் பையன் படித்த பள்ளியில் ஆஃபென்சிவ் லைனுக்கு உதவிக் கோச்சாக இருக்கிறேன். இவ்வளவு பேசியும் எல்லோரும் குவாட்டர்பேக்கையே சுற்றுகிறீர்கள். பொருத்தம் பார்க்க வேண்டிய முதல் இடம் லைன், அதாவது முன்னால் நின்று இடித்து வழி உண்டாக்கும் ஐந்து பேர்.

கால் வேகம் உள்ள, எடை குறைந்த பையன்கள் இருந்தால் ஸோன் பிளாக்கிங். எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்து, பேக் வெட்டிப் போக இடம் உண்டாக்குவார்கள். டென்வரில் அலெக்ஸ் கிப்ஸ் கட்டிய லைன் அப்படித்தான். அதன் பின்னால் டெரல் டேவிஸ் 1998ல் 2,008 யார்டு ஓடினார். மலை மாதிரி ஆட்கள் இருந்தால் பவர்; லைனில் நடு ஆளுக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு ஒருவர் தன் இடத்தை விட்டு ஓடிப்போய், பந்தோடு வருபவருக்கு முன்னால் இடிப்பார். இரண்டும் இல்லையென்றால் கோணம் பார்த்து இடிக்கிற விங்-டி, அல்லது ஆப்ஷன். ஆர்மியும் நேவியும் பல வருஷமாக ஆப்ஷன் ஆடியதற்குக் காரணமே இதுதான். ராணுவத்துக்குத் தயாராகும் பையன்கள், 300 பவுண்டு ஆட்கள் அதிகம் கிடைக்க மாட்டார்கள். இடிக்க முடியாத ஆளை இடிக்காமலேயே ஏமாற்ற வேண்டும்.

பொருந்தாத ஆட்டம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? மறுபடியும் மிச்சிகன்தான், ஆனால் 2013, பிரேடி ஹோக் காலம். லைனின் இரண்டு ஓரத்திலும் லூவன், ஸ்கோஃபீல்ட், இருவரும் பிறகு என்எஃப்எல் போனவர்கள். நடுவில் மூன்று பேருக்கும் அனுபவம் போதாது. இருந்தும் நடுவிலேயே இடிக்கப் பார்த்தார்கள். மிச்சிகன் ஸ்டேட்டுடன் மொத்த ஓட்டம் மைனஸ் 48 யார்டு. அடுத்த வாரம் நெப்ராஸ்காவுடன் மைனஸ் 21. ஸ்ப்ரெட் தான் குற்றவாளி என்று நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பள்ளியில் நமக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் உரிமையே கிடையாது. அந்த வட்டாரத்தில் யார் வளர்கிறார்களோ அவர்கள்தான். எங்களிடம் ஒரு காலத்தில் வந்த தலைமைக் கோச், கல்லூரி ஆட்டங்களைப் பார்த்து ஐந்து ரிசீவர் ஆஃபென்ஸ் கொண்டுவந்தார். ஐந்து ரிசீவர் இல்லை, எறிய ஆளும் இல்லை. பையன்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருவார்கள். அதுதான் எனக்கு வலிக்கும். பதினாறு வயதுப் பையன் தனக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறான்.

மலைநாட்டு_மணி

பாஸ்கரன் சார், பள்ளி விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வருஷா வருஷம் ஆளுக்கு ஏற்ப மாற்றினால், பையன்கள் எதையும் ஆழமாகக் கற்க மாட்டார்களே? விங்-டி பழகிய பையனிடம் அடுத்த ஆகஸ்டில் ஸ்ப்ரெட் ஆடு என்றால்?

லைன்_பாஸ்கரன்

அப்படிச் செய்வதில்லை, மணி சார். ஆட்டங்களுக்கு வைக்கிற பெயர், ஹோல்களுக்கு (லைனில் ஓடிப்போகும் இடைவெளிகள்) கொடுக்கிற எண், லைன் அழைப்புகள், கால் வைக்கும் பயிற்சி, இவை மாறுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் கற்றது பன்னிரண்டாம் வகுப்புவரை செல்லும். மாறுவது, வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தப் பெரிய பட்டியலில் எந்த எட்டு, பத்து ஆட்டங்களை அதிகம் அழைக்கிறோம் என்பது. உயரமான டைட் எண்ட் இருக்கிற வருஷம் ஒன்று, குட்டையான வேகப் பையன்கள் இருக்கிற வருஷம் இன்னொன்று.

கார்த்திக்_அட்லாண்டா

அப்படியென்றால் கணேஷ், 2008ல் நீங்கள் கோச்சாக இருந்தால் என்ன ஆடியிருப்பீர்கள்? சும்மா "பொருத்தமாக" என்று சொல்லாமல் ஆட்டத்தைச் சொல்லுங்கள்.

கணேஷ்_ஆன்ஆர்பர்

சொல்கிறேன். த்ரெட்டை சென்டருக்கு (லைனின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவர்) பின்னால் ஒட்டி நிறுத்துவேன். பிராண்டன் மைனர் நேரே மோதி ஓடுகிற பேக், அவருக்கு ஆட்டத்துக்கு இருபது ஓட்டம். அதைக் காட்டி, ஓடுவதுபோல் ஏமாற்றி எறிகிற பிளே ஆக்‌ஷன். மூன்று காலடி பின்வாங்கி உடனே எறியும் பாஸ்கள், கார்ட்டருக்கு வால்ஷ் வரைந்த மாதிரி. ஸோன் ரீட் ஆட்டத்துக்கு நாலைந்து முறை போதும். விஸ்கான்சினுடன் அந்த 58 யார்டு, த்ரெட் ஓடுவார் என்று யாரும் எதிர்பார்க்காததால் கிடைத்தது. அபூர்வமாக ஆடினால் இன்னும் பலிக்கும்.

மலைநாட்டு_மணி

மைனர் மோத முன்னால் இடிப்பது யார்? லாங் போயாச்சு, க்ராஸ் போயாச்சு, ஜஸ்டின் போரன் ஒஹாயோ ஸ்டேட்டுக்கே போய்விட்டார். பாஸ்கரன் சார் சொன்ன கணக்குப்படி, அந்த லைனுக்கு ஸோன் பிளாக்கிங்தான் சரி. அதைத்தான் ரோட்ரிகெஸ் கற்றுக்கொடுத்தார். டேவிட் மோல்க் 2008ல் சென்டராக ஆடத் தொடங்கினார். 2010ல் டெனார்ட் ஓடியது அவர் பின்னால். 2011ல் நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது அவருக்கு. அந்த வருஷம் ஹோக் 11-2 ஜெயித்தது யார் வளர்த்த ஆட்களை வைத்து? ரோட்ரிகெஸை மூன்றே வருஷத்தில் விரட்டினீர்கள். நான் கடைசிவரை அதைத் தப்பு என்றுதான் சொல்வேன்.

கணேஷ்_ஆன்ஆர்பர்

மோல்க் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, லைனுக்கு அந்த முறை பொருந்தியது. என் வழக்கு த்ரெட்டுக்காக. 2008 முடிந்ததும் அவர் அரிசோனா ஸ்டேட்டுக்கு மாறினார். அங்கே எறிவதை முதன்மையாக வைத்த ஆஃபென்ஸ். 2010ல் 2,500 யார்டுக்கு மேல் எறிந்தார். அடுத்த வருஷத் தொடக்கத்தில், தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் ஆட்டத்தையே விட வேண்டி வந்தது. அவருடைய கைக்கு ஏற்ற ஆஃபென்ஸில் அவர் ஆடியது அந்த ஒரு சீசன்தான். எங்களிடம் இருந்தபோது அதில் பாதியாவது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.