வாஷிங் மெஷின் சுற்றவில்லையா? எங்கள் ஊர்ப் பக்கத்து அனுபவங்கள்

பள்ளத்தூரிலிருந்து:

மெஷின் சுற்றவில்லை என்று சொன்ன மாத்திரத்தில் "போர்டு (மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை) போய்விட்டது" என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் ஆயிரக்கணக்கில் செலவு சொல்வது அநியாயம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது மேலே மூடியுள்ள ஆட்டோமேட்டிக் மெஷின். மகள் கல்யாணம் முடிந்த கையோடு ஜமுக்காளங்களும் விரிப்புகளும் மலையாகக் குவிந்திருந்தன. எல்லாம் அதில்தான் துவைத்தோம். அப்புறம் ஒரு நாள் தண்ணீர் பிடித்ததும் மோட்டார் உறுமியது, அடியில் உள்ள சுழல்தட்டு மட்டும் அசையவில்லை. துணியை எடுத்துவிட்டு ஓட்டினால் சுற்றியது, துணி போட்டால் நின்றது. ரப்பர் கருகும் வாடையும் லேசாக அடித்தது.

காரைக்குடியிலிருந்து வந்த மெக்கானிக் இதைக் கேட்டதும், "ஆச்சி, பாரம் ஏறினால்தானே நிற்கிறது? போர்டைத் தொட வேண்டாம், முதலில் அடியில் பார்ப்போம்" என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினை நகர்த்தினார். அது நின்றிருந்த ஆத்தங்குடிக் கல்லின் மேல் மாவு சலித்ததுபோலக் கறுப்புத் தூள். பெல்ட்டின் உள்பக்கம் தேய்ந்து பளபளத்தது, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. மோட்டார் ஓடுகிறது, பெல்ட் வழுக்குகிறது, அவ்வளவுதான். புதுப் பெல்ட் போட்டதும் ஜமுக்காளத்தையே சுற்றிக் காட்டியது.

அவர் வேலை செய்யும்போது கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிளக்கை எடுத்தபின் சுழல்தட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திரும்பினால், உறுமல் மட்டும் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் பெல்ட் அல்லது மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர். கையாலேயே திருப்ப முடியவில்லை என்றால் தட்டுக்கு அடியில் ஊக்கோ காசோ சிக்கியிருக்கலாம், கியர் பழுதாகவும் இருக்கலாம். உறுமலே இல்லையென்றால் மின்சாரம் வருகிறதா, மூடி சுவிட்ச் வேலை செய்கிறதா, வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வோல்டேஜ் 230-லிருந்து வெகுவாக இறங்கினாலும் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும்.

கெப்பாசிட்டரை மட்டும் வீட்டில் யாரும் தொடாதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், உதறித் தள்ளிவிடும்.

துவைக்கிறது, பிழியவில்லை என்றால் அது வேறு கதை. உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் வடியாதவரை மெஷின் பிழியத் தொடங்காது. எங்கள் அண்ணன் வீட்டில் கழிவுக் குழாயைப் பின்கட்டு நிலைப்படிக்கு மேலாகத் தூக்கி வெளியே விட்டிருந்தார்கள். நம் செட்டிநாட்டு வீட்டு நிலைப்படிகளின் உயரம் உங்களுக்கே தெரியும். தண்ணீரை இறைக்கும் பம்ப் இல்லாத மெஷினில் அது தானாகத்தான் வடிய வேண்டும், மேடேறாது. குழாயைத் தரையோடு இறக்கி வேறு வழியாக விட்டதும் சரியாகிவிட்டது. ஒரு பைசா செலவில்லை.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் வீட்டில் பிழியத் தொடங்கும், தடதடவென்று இடிக்கும், நின்றுவிடும், மறுபடி தண்ணீர் பிடிக்கும். துணி ஒரு பக்கமாக ஒதுங்கினால் அதைப் பரப்புவதற்காக மெஷின் தானாகவே அப்படிச் செய்யுமாம். எங்களுக்கோ துணியை எப்படிப் பரப்பிப் போட்டாலும் இதே கதை. கொத்தனார் ஒருவர் ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தார், குமிழி நடுவுக்கே வரவில்லை. முற்றத்துத் தரையை மழைநீர் ஓடத்தான் சரித்துப் போட்டிருப்பார்கள், அந்தச் சரிவில் மெஷின் நின்றிருக்கிறது. கால்களைத் திருகி மட்டம் பார்த்து வைத்ததும் அடங்கியது. கண்டாங்கி போன்ற கனமான சேலை ஒன்றை மட்டும் தனியாகப் போட்டாலும் இதே சிக்கல் வரும், கூட நாலு துணி சேர்த்துப் போடுங்கள்.

அம்மாவிடம் இருப்பது இரண்டு தொட்டி மெஷின். அதில் துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார். பிழியும் தொட்டி மட்டும் நின்றால் மூடி சுவிட்சையும், மூடியைத் திறந்ததும் தொட்டியை நிறுத்தும் பிரேக் வயரையும் பாருங்கள். அம்மாவுடையதில் உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே ஒரு கைக்குட்டை இறங்கிச் சிக்கியிருந்தது.

கானாடுகாத்தானிலிருந்து, இப்போது சென்னையில்:

பூட்டிக் கிடக்கும் வீடு உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாட்டுக்கு) ஊருக்கு வந்து மெஷினைப் போட்டால் விளக்கு எரிகிறது, தண்ணீரும் பிடிக்கிறது, மோட்டாரில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. பின்தகட்டைக் கழற்றினால் எலி எச்சம், கடித்துத் துப்பிய வயர்த்துணுக்குகள், மோட்டாருக்குப் போகும் வயர் இரண்டு துண்டாகக் கிடந்தது. அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷினில் எலி ஏறுவது சுலபம். வயரை இணைத்து, அடியில் கம்பி வலை அடித்துவிட்டோம். வலை பெல்ட்டில் உரசாமல் இடைவெளி இருக்கிறதா என்று மெக்கானிக்கை வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது பிளக்கை எடுத்து, குழாயை மூடி, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுக் கிளம்புங்கள்.